இல்லாவிட்டால் உருவாக்கு

அந்தப் பச்சை விளக்கை அன்று நான் நேரில் பார்க்கவில்லை. பார்த்தவர்கள் சொன்னதை வைத்துத்தான் இத்தனை வருடங்களாக மனதுக்குள் அதை எரியவிட்டுக்கொண்டிருக்கிறேன். எஹலியகொடைக்கு மேலே, இறப்பரும் தேயிலையும் கலந்த ஒரு தோட்டம். ஆபிஸ் கட்டடத்தின் முன்சுவரில், பிரட்டுக்களத்தைப் பார்த்தபடி, பச்சை, மஞ்சள், சிவப்பு என்று மூன்று விளக்குகள். காலையில் தொழிலாளர்கள் கூடி, யார் எந்த மலைக்கு என்று பிரிந்துபோகிற முற்றத்துக்குத்தான் பிரட்டுக்களம் என்று பெயர். முந்தின நாள் முழுக்கப் பெய்த மழை அன்றும் விடவில்லை. குடை பிடித்தவர்களும் உரப்பையைத் தலையில் கவிழ்த்தவர்களுமாக ஒரு கூட்டம் அங்கே அண்ணாந்து நின்றது. மழைக்குள்ளே அந்தப் பச்சை, பாசி பிடித்த கிணற்றுத் தண்ணீர்போலத் தெரிந்ததாம். மஞ்சள் எரிந்தால் பொட்டணத்தைக் கட்டு, சிவப்பு எரிந்து சங்கு ஊதினால் பள்ளிக்கூட மேட்டுக்கு ஓடு, பச்சை எரிந்தால் பயமில்லை என்று அவர்களுக்குச் சொல்லிக்கொடுத்திருந்தோம். சொல்லிக்கொடுத்தவர் என் மச்சான். எப்போது எந்த விளக்கு எரிய வேண்டும் என்று நிரல் எழுதியவன் நான்.

மச்சான் என்றுதான் அவரை அழைத்தேன். அவரும் என்னை அப்படித்தான். என் தங்கையின் கணவர், அந்தத் தோட்டத்தின் பெரிய கிளாக்கர். தோட்டத்தை நடத்தும் துரையிடம் சிங்களத்தில் பேசி, தொழிலாளர்களின் வரிசை வீடுகளான லயத்தில் தமிழில் அதட்டி, இரண்டு பக்கத்தையும் சிரிக்கவைத்தே வேலை வாங்கத் தெரிந்தவர். நான் பிறந்ததும் அதே தோட்டத்து லயத்தில்தான். அப்பா இறப்பர் மரத்தில் பால் வெட்டுகிறவர். அங்கிருந்து இரத்தினபுரியில் படித்து, பேராதனைப் பல்கலைக்கழகத்துக்குப் போய், கொழும்பில் கணினி நிரல்கள் எழுதியே தலை நரைத்து, ஓய்வுபெற்றபின் எஹலியகொட டவுனில் ஒரு சிறிய வீடு வாங்கி வந்து சேர்ந்தேன். அதை மச்சான் சும்மா விடமாட்டார். ஞாயிற்றுக்கிழமைகளில் தோட்டத்துக்குப் போனால், பக்கத்து வீட்டாருக்கும் கேட்கும்படி என்னை அறிமுகம் செய்வார்: "நாங்கெல்லாம் மலையில ஏறி இறங்கிக் காலு தேஞ்சவங்க. நம்ம யுனிவர்சிட்டி மச்சான் நாற்காலியில உக்காந்தே மலையேறினவரு." சொல்லிவிட்டு என் தட்டில் இன்னொரு ரொட்டியைப் போடுவார். அந்தக் கேலிக்குள் இருந்த பெருமை எனக்குப் பிடித்திருந்தது. அவரளவுக்கு என் படிப்பை நம்பியவர்கள் என் வீட்டிலேயே வேறு யாரும் இல்லை.

என் தொழிலைப் பற்றிச் சிறிது சொல்லாமல் நான் செய்ததைச் சொல்ல முடியாது. கணினிக்குள் இருக்கும் ஒவ்வொரு கோப்புக்கும் ஒரு வழி உண்டு. எந்தக் கோப்புறைக்குள் எந்தக் கோப்புறை, அதற்குள் எது என்று வரிசையாகச் சொல்லும் முகவரி அது. விண்டோஸ் கணினியில் அந்த வழி ஓர் ஆங்கில எழுத்தில் தொடங்கி, இடப்பக்கம் சாய்ந்த கோடுகளால் பிரிந்து போகும். லினக்ஸ் கணினியில் எழுத்தெல்லாம் கிடையாது. எல்லா வழியும் ஒரே வேரிலிருந்து புறப்படும், கோடும் மறுபக்கம் சாயும். ஒரே நிரல் இரண்டிலும் ஓட வேண்டுமானால், இந்த வேற்றுமைகளைப் பார்த்துக்கொள்ளச் சிறு சிறு உதவிச் செயல்கள் தேவை. வழியின் துண்டுகளை இணைப்பது ஒன்று, நிரல் எங்கே நிறுவப்பட்டிருக்கிறது என்று கண்டுபிடிப்பது ஒன்று, எல்லாவற்றையும் ஒரே பொதியாகக் கட்டி எந்தக் கணினியிலும் இறக்கிவைப்பது ஒன்று. வேலைபார்த்த காலம் முழுக்க இப்படிப்பட்டவற்றைச் சேர்த்து, இணையத்தில் யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளும்படி வைத்திருந்தேன். அவற்றுள் மிகச் சிறியது ஒன்று உண்டு. ஒரு கோப்புறையின் வழியை அதனிடம் கொடுத்தால் அது போய்ப் பார்க்கும். கோப்புறை இருந்தால் சரி. இல்லாவிட்டால் அந்த இடத்திலேயே புதிதாக ஒன்றை உருவாக்கிவிட்டு, எதுவுமே நடக்காததுபோலத் திரும்பி வரும். அதில் எனக்குத் தனிப் பெருமை. பிழை என்று கத்தி நின்றுபோகும் நிரல்களைப் பார்த்துப் பார்த்துச் சலித்தவன் நான். என்னுடையது ஒருபோதும் முறையிடாது.

பக்கத்துத் தோட்டமொன்றில் மண்மேடு சரிந்த வருடம், ஒரு தொண்டு நிறுவனத்தார் எங்கள் தோட்டத்துக்குத் தானே மழையை அளந்து பதியும் கருவி ஒன்றைக் கொடுத்தார்கள். ஆபிஸ் கணினியின் ஒரு கோப்புறைக்குள் அது மழை அளவுகளை எழுதிக்கொண்டே இருக்கும். அதைக் கூட்டிப் பார்த்து, எல்லை தாண்டினால் விளக்கை மாற்றிச் சங்கை ஊதவைக்கும் நிரலை நான் இலவசமாக எழுதித் தருவதாகச் சொன்னேன். மச்சான் தானே ஏணி வைத்து ஏறி விளக்குகளைப் பொருத்தினார். அந்த வருடத்து ஆவணி மழையில் அது சரியாக வேலைசெய்தது. மஞ்சள் வந்தது, சிவப்பு வந்தது, சங்கு ஊதியது, எல்லோரும் பள்ளிக்கூட மேட்டுக்கு ஏறிவிட்டார்கள். மேல் லயத்துக்குப் பின்னால் மண் சரிந்து ஒரு குசினிச் சுவரையும் கோழிக்கூட்டையும் கொண்டுபோனது. ஆட்களுக்கு ஒன்றுமில்லை. அதற்குப் பிறகு வந்த ஆயுத பூசைக்கு மச்சான் அந்த விளக்குகளுக்குச் சந்தனமும் குங்குமமும் வைத்தார். நான் சிரித்தேன். "சிரிக்காதீங்க மச்சான், பால்வெட்டுக் கத்திக்கும் கவ்வாத்துக் கத்திக்கும் பொட்டு வைக்கிறோம், உயிரைக் காப்பாத்தினதுக்கு வைக்கப்படாதா?" என்றார்.

பிறகு கோடை வந்தது. மழையில்லாத நாட்களில் கருவி எந்தக் கோப்பையும் எழுதாது. கோப்பு இல்லையென்றால் ஏதோ பழுது என்று எண்ணி, என் நிரல் மஞ்சள் விளக்கை ஏற்றிவிடும். மஞ்சள் எரிந்தால் மேல் மலைக்கு ஆள் அனுப்பக் கூடாது என்பது விதி. மலைக்குப் போகாதவர்களுக்கு அன்றைய பேர் விழாது. பேர் என்றால் தோட்டத்தில் ஒரு நாள் வேலை, ஒரு நாள் சம்பளம். மச்சான் தொலைபேசியில் கூப்பிட்டார். "மச்சான், வெயில் மண்டையைப் பொளக்குது, உங்க விளக்கு மஞ்சளா நிக்குது. பேர் போச்சுன்னு பொம்பளைங்க என்னை மண்ணை வாரித் தூத்துறாங்க. துரை வேற வெளிய வந்து வானத்தைப் பாக்கிறாரு, விளக்கைப் பாக்கிறாரு, என்னைப் பாக்கிறாரு. இதுக்கு ஏதாவது மருந்து கொடுங்க." நான் மருந்து கொடுத்தேன். கோப்பு இல்லாவிட்டால் மழை இல்லை என்று எடுத்துக்கொள்ளும்படி ஒரே ஒரு வரியை மாற்றினேன். ஒன்றும் இல்லை என்பதும் ஒன்றும் தெரியவில்லை என்பதும் அந்த வரிக்குப் பிறகு ஒன்றாகிவிட்டன. வித்தியாசம் எனக்குத் தெரியும். அதைத்தான் மற்றவர்களுக்குக் கற்பித்துக்கொண்டிருந்தேன். ஆனாலும் மச்சானுக்கு உடனே நல்ல பேர் வாங்கிக்கொடுக்க ஆசைப்பட்டேன்.

அடுத்த மாரி முடியும் தறுவாயில் இடி விழுந்து ஆபிஸ் கணினி போனது. மலிவான, உள்ளங்கையளவு கணினி ஒன்றை நான்தான் சிபாரிசு செய்தேன். அது லினக்ஸில் ஓடுவது. நிரலை மாற்றி எழுதத் தேவையே இல்லை, என் பொதி எந்தக் கணினியிலும் இறங்கும் என்று துரையிடம் ஆங்கிலத்தில் விளக்கினேன். தொண்டு நிறுவனத்துப் பையன் ஒருவன் வந்து கருவியை அதில் இணைத்து, பதிவுகளுக்கு ஒரு கோப்புறையைத் தன் பாட்டுக்கு வைத்துவிட்டுப் போனான். என் நிரலின் அமைப்பில் மட்டும் பழைய கணினியின் வழி அப்படியே இருந்தது. ஓர் ஆங்கில எழுத்து, இரண்டு புள்ளி, சாய்கோடுகள். புதிய கணினிக்கு அது ஒரு வழியாகவே தெரியவில்லை. முழுவதையும் ஒரே பெயரென்று அது எடுத்துக்கொண்டது. அப்படிப் பெயருள்ள கோப்புறை அங்கே இல்லை. இல்லாவிட்டால் என்ன செய்வது என்று அந்தச் சிறிய செயலுக்குத்தான் சொல்லிவைத்திருந்தேனே. உருவாக்கியது. அன்றிலிருந்து மழை ஒரு கோப்புறைக்குள் பெய்தது. என் நிரல் தானே செய்துகொண்ட வெறும் கோப்புறையை நிமிடத்துக்கு நிமிடம் திறந்து பார்த்து, மழை இல்லை என்று சொல்லிக்கொண்டிருந்தது. மாசி மாதத்து வெயிலில் வானமும் அதையேதான் சொன்னது. நான் போய்ப் பார்த்தபோது பச்சை எரிந்தது. ஒரு பிழையும் காட்டவில்லை. தங்கை வீட்டில் சோறு சாப்பிட்டுவிட்டுத் திருப்தியோடு பஸ் ஏறினேன்.

வைகாசியில் மழை பிடித்தது. அந்த மழையைப் பற்றி டவுனிலேயே ஒரு மாதிரிப் பேசினார்கள். சத்தம் ஏறவும் இல்லை, இறங்கவும் இல்லை. யாரோ பக்கத்து அறையில் நெல்லைக் கொட்டிக்கொண்டே இருப்பதுபோல ஒரே சீராக இருந்தது. தோட்டத்து ஆறு முதல் நாள் செம்மண் நிறத்தில் ஓடியது. மறுநாள் காலையில் அது திடீரென்று வற்றி, கல் தெரிய ஓடியதாகப் பிறகு சொன்னார்கள். மேலே எங்கோ தண்ணீர் தேங்கி நிற்கிறது என்று அதற்கு அர்த்தம். லயத்து நாய்கள் பிரட்டுக்களத்துக்கு வந்து படுத்துக்கொண்டன. அன்று காலைச் சாப்பாட்டு நேரத்தில் மச்சான் என்னைக் கூப்பிட்டார். பின்னால் மழையின் இரைச்சல், பெண்களின் குரல்கள். அவர் வழக்கம்போலப் பகிடியாகவே ஆரம்பித்தார்.

"மச்சான், உங்க பெட்டிக்குக் கண்ணு அவிஞ்சு போச்சு போல. நேத்துலருந்து ஊத்துது, திரையில மழை சைபர்னு காட்டுது. விளக்கும் பச்சை. இங்க சனங்க மேல ஸ்கூலுக்குப் போவமா வேணாமான்னு நிக்குதுங்க. என்ன சொல்ல?"

நான் வாயில் இருந்ததை மென்று விழுங்கினேன். அந்த ஒரு நொடியைத்தான் இந்த வயதிலும் தினமும் திரும்பப் போய்ப் பார்க்கிறேன். எனக்குப் புரிந்துவிட்டது. என்ன பிழை என்று புரியவில்லை. ஆனால் பிழை என்று புரிந்துவிட்டது. திரையும் விளக்கும் ஒரே இடத்திலிருந்துதான் எண்ணை எடுக்கின்றன என்று எழுதியவனுக்குத் தெரியாதா? அடுத்த கிழமை தொண்டு நிறுவனத்துப் பெரியவர்கள் வருவதாக இருந்தது. என் நிரலை மற்றத் தோட்டங்களுக்கும் கொண்டுபோகப் போவதாகச் சொல்லியிருந்தார்கள். அதற்கு முன்னால், பள்ளிக்கூட மேட்டில் முழுத் தோட்டமும் நனைந்துகொண்டு நிற்க, கிளாக்கரின் மச்சான் எழுதியது சரியில்லை என்ற பேச்சு கிளம்புவதை நான் விரும்பவில்லை. "திரையில காட்டுற பகுதி புதுசா எழுதினது, அதுல ஏதோ சின்னக் கோளாறு," என்றேன். "விளக்கு சரியாத்தான் இருக்கும். நம்ம கண்ணுக்கு மழை எப்பவும் கூடுதலாத்தான் தெரியும். மத்தியானம் வந்து பாக்கிறேன்."

"ஹரி மச்சான், நீங்க சொன்னா சரி," என்று சிங்களத்தில் ஒரு சரியும் தமிழில் ஒரு சரியும் சொன்னார் அவர். நிம்மதியான குரல். அதற்குப் பிறகு அவர் ஒன்றும் கேட்கவில்லை.

பிரட்டுக்களத்தில் நடந்ததை, அங்கே நின்ற ஒரு பெண் பிறகு எல்லோரிடமும் சொன்னாள். மேல் லயத்துக்காரி, தாயோடும் பள்ளிக்குப் போகும் மகனோடும் இருந்தவள். சான்றிதழ்களையும் இரண்டு உடுப்பையும் பொலித்தீன் பையில் கட்டி இடுப்பில் வைத்துக்கொண்டு நின்றிருக்கிறாள். "கிளாக்கர் ஐயா, எங்கம்மாவுக்கு நடக்க முடியாது. போறதுன்னா இப்பவே தூக்கிட்டுப் போகணும். போகவா?" என்று கேட்டாள். மச்சான் சிரித்துக்கொண்டே சொல்லியிருக்கிறார்: "ரோட்டுல பச்சைன்னாதான் ஆத்தா போகணும். இங்க பச்சைன்னா வீட்டுல இருக்கணும். பாட்டியை எதுக்கு மழையில நனைச்சுக் காய்ச்சல் வரவைக்கிற? இத எழுதினவரோட இப்பதான் பேசினேன். போய்க் கஞ்சியை வைச்சுக் குடு." சனங்கள் சிரித்தார்கள். அவள் பொட்டணத்தையும், மழையால் அன்று பள்ளி இல்லாத மகனையும் தாயோடு வீட்டில் விட்டுவிட்டுக் கீழே கொழுந்து நிறுக்கும் மடுவத்துக்கு வேலைக்குப் போனாள். மற்றவர்களும் கலைந்து, லயத்துக்குப் போனவர்கள் லயத்துக்குப் போனார்கள்.

மத்தியானத்துக்குச் சற்று முன்னால் மலை இறங்கியது. நான் அப்போது குடையோடு பஸ் ஸ்டாண்டில் நின்றுகொண்டிருந்தேன். இடி என்று நினைத்தோம். அது ஓயாமல் நீண்டபோது, பக்கத்தில் நின்ற கடைக்காரர் ஒருவர் மெதுவாகத் தொப்பியைக் கழற்றினார். மேல் லயத்தில் பாதி இல்லாமல் போயிற்று. தோண்டி எடுத்தவர்களைப் பற்றியும் எடுக்க முடியாமல் போனவர்களைப் பற்றியும் எழுத எனக்கு உரிமையில்லை. அந்தப் பெண்ணின் தாயும் மகனும் அவர்களுள் இருந்தார்கள். மழை விடாததால் ஒருவருக்கும் ஒழுங்கான சடங்கு நடக்கவில்லை. அந்த வாரம் முழுக்கப் பச்சை எரிந்ததாகத்தான் நான் முதலில் நினைத்தேன். பிறகு, மறுநாளே விளக்கு அணைந்துவிட்டது, புதிய கணினியும் மின்னலில் எரிந்துவிட்டது என்று சொன்னார்கள். விசாரணைக்கு வந்தவர்களிடம் மச்சான் அப்படித்தான் சொல்லியிருந்தார். மின்னல் எப்போது தாக்கியதென்று தெரியாது, அதனால்தான் விளக்கு மாறவில்லை என்று எழுதிக்கொண்டு போனார்கள்.

வீட்டில் இருந்த பிரதியை நான் திறந்து பார்த்தேன். பார்த்த மாத்திரத்தில் புரிந்தது. பழைய கணினியின் வழி, புதிய கணினி, அந்தச் சிறிய செயல், மச்சானுக்காக மாற்றிய அந்த ஒற்றை வரி. எல்லாம் சேர்ந்து என்ன செய்திருக்கும் என்று கதவைச் சாத்திக்கொண்டு ஒருமுறை ஓட்டிப் பார்த்தேன். வெறும் கோப்புறை ஒன்று என் கண் முன்னே முளைத்தது. செயலைத் திருத்தினேன். பொதியின் புதிய பதிப்பை இணையத்தில் ஏற்றினேன். என்ன மாற்றம் என்று கேட்கும் இடத்தில் "சிறு திருத்தங்கள்" என்று எழுதினேன். கணினி எரிந்தது நல்லதாகப் போயிற்று என்று அன்று ஒரு கணம் நினைத்தேன் என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

பழி முழுவதும் மச்சான் மேல் விழுந்தது. போகாதே என்று சொன்ன வாய் அவருடையதுதானே. அவர் பிரட்டுக்களத்துக்கு வந்தால் பேச்சு நின்றுபோகும். தங்கை குழாயடிக்குப் போனால் குடங்கள் விலகும். சின்னப் பிள்ளைகள் அவரைப் "பச்சை லைட்டு" என்று மறைவில் நின்று கூப்பிட்டார்கள். இத எழுதினவரோட பேசினேன் என்று அன்று சிரித்தபடி சொன்னவர், பிறகு ஒருபோதும் அந்த வார்த்தையைச் சொல்லவில்லை. என்னைக் கைகாட்டியிருந்தால் அவர் தப்பியிருப்பார். வேலையை விட்டுவிட்டுக் கீழே டவுனுக்கு, என் தெருவுக்கே குடிவந்தார். அதற்குப் பிறகு வருடக்கணக்காக மாலைகளில் என் விறாந்தையில் உட்கார்ந்து தேத்தண்ணி குடித்தோம். பகிடி குறைந்துவிட்டது. மழை தொடங்கினால் பேச்சை நிறுத்திவிட்டு எழும்பிப் போய்விடுவார். நானும் இருங்க என்று சொன்னதில்லை. அவருக்கு ஒன்றும் தெரியாது என்று நான் நம்பினேன். அவருக்குத் தெரியாததைச் சொல்லி நோகடிப்பானேன் என்று அதற்கு ஒரு நல்ல பெயரும் வைத்திருந்தேன்.

போன வருடம் அவருக்கு ஈரலில் நோய் முற்றியது. இரத்தினபுரி ஆஸ்பத்திரியில், பகல் பார்வை நேரத்தில், தங்கை மருந்து வாங்கப் போயிருந்தபோது சொன்னார். கண்ணை மூடிக்கொண்டுதான் சொன்னார்.

"மண்ணு விழுந்த மறுநாள், விசாரணைக்கு ஆள் வர முந்தி, மழைக் கணக்கை எடுத்து வைப்பம்னு கம்பியூட்டரத் தொறந்தேன் மச்சான். ஒரு ஃபோல்டர்ல மழை நிறைஞ்சு கிடக்கு. உங்க ப்ரோகிராம் இருக்கிற எடத்துல இன்னொரு ஃபோல்டர். அந்தப் பேரைப் பழைய கம்பியூட்டர்ல நான் தினம் பாத்தவன். உள்ளுக்க ஒண்ணுமில்ல. நீங்க ஜெயிலுக்குப் போயிருவீங்கன்னு நெனைச்சேன். உங்க தங்கச்சி தாங்கமாட்டா. அழிச்சேன். எழும்பிக் கதவைச் சாத்திட்டு வந்து பாக்கிறேன், திரும்ப இருக்கு."

நான் அவர் கையைப் பிடித்திருந்தேன். அது எரிந்துகொண்டிருந்தது.

"அழிக்க அழிக்க வருது மச்சான். வெளிய சனங்க ஒப்பாரி வைக்குது, நான் உள்ள உக்காந்து அழிக்கிறேன், அது வருது. பேய் பிடிச்ச மாதிரி. கடைசியில வயரைப் புடுங்கிப் பெட்டியோட கொண்டுபோய் ஃபெக்டரி அடுப்புல போட்டேன். மின்னல்னு சொன்னேன்." சற்று நேரம் மூச்சு வாங்கினார். பிறகு பழைய குரலில், ஒரு பக்கம் உதட்டைச் சுழித்து, "அப்படி என்னதான் எழுதினீங்க?" என்றார்.

இல்லாவிட்டால் உருவாக்கு என்று எழுதியதை நான் அவருக்கு விளக்கினேன். அவர் கேட்டுக்கொண்டிருந்தார். "அப்ப நீங்களும் எல்லாம் தெரிஞ்சுதான் இருந்திருக்கீங்க," என்றார். ஆம் என்றேன். அதற்குப் பிறகு அவர் உயிரோடிருந்த நாட்களில் என்னுடன் பேசினார். தண்ணீர் கேட்டார், தலையணையைச் சரிசெய்யச் சொன்னார். மச்சான் என்று மட்டும் கூப்பிடவில்லை.

தோட்டத்தில் ஒரு சாவு விழுந்தால் ஆள் அனுப்பிச் சொல்வார்கள். சொன்னால் பகையென்றும் பாராமல் எல்லா லயமும் வரும். அன்றைக்கு மலையில் வேலை நிற்கும். தப்பு மேளம் அடிக்கவும் குழி வெட்டவும் தூக்கவும் யாரையும் கூப்பிட வேண்டியதில்லை. மச்சான் செத்தபோதும் ஆள் அனுப்பினோம். என் வீட்டு முற்றத்தில் கூடாரம் போட்டு நாற்காலிகள் அடுக்கியிருந்தோம். டவுன் கடைக்காரர்கள் வந்தார்கள், தெருவிலுள்ள சிங்களக் குடும்பங்கள் வந்தன. தோட்டத்திலிருந்து ஒருவரும் வரவில்லை. அவர் சேவகம் பார்த்த பிரட்டில் அன்று வழக்கம்போல ஆட்கள் மலைக்குப் பிரிந்து போனார்களாம். தூக்குவதற்கு ஆள் போதாமல், கொழும்பிலிருந்து வந்த என் மகனும், கூலிக்குச் சாவுச் சடங்கு நடத்தும் மலர்ச்சாலைக்காரர்களும், நானும் தோள் கொடுத்தோம். தங்கை வாசலைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். "ஒருத்தராவது வருவாங்கண்ணே, கொஞ்சம் பொறுங்க," என்று இரண்டு முறை எங்களை நிறுத்திவைத்தாள்.

முப்பத்தோராம் நாள் சடங்கு கழிந்தபின் அவளிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவள் அழுவாள் என்றும், என்னைத் திட்டுவாள் என்றும் நினைத்தேன். "எனக்காகன்னு சொல்லிக்கிட்டு ரெண்டு பேரும் எனக்குச் சொல்லல," என்றாள். அவ்வளவுதான். இப்போது அவள் மகள் வீட்டில், வரக்காப்பொலையில் இருக்கிறாள். நான் கூப்பிட்டால் பேத்திதான் தொலைபேசியை எடுக்கிறாள்.

பொதியின் பக்கத்தில் "சிறு திருத்தங்கள்" என்று இருந்ததை அழித்துவிட்டு, பழைய பதிப்புகளை யாரும் பயன்படுத்த வேண்டாம், அவற்றிலுள்ள ஒரு செயல் இல்லாத இடத்தை இருப்பதாகக் காட்டும், அதனால் இந்தத் தோட்டத்தில் மனிதர்கள் செத்தார்கள் என்று எழுதினேன். இரண்டொருவர் நன்றி தெரிவித்தார்கள். மற்றவர்கள் யாரென்று எனக்குத் தெரியாது. எத்தனையோ பேர் அதை எடுத்துத் தங்கள் பொதிகளுக்குள் கட்டி, அவற்றை இன்னும் யாரோ எடுத்துக் கட்டியிருப்பார்கள். ஏதோ ஓர் அணைக்கட்டிலோ ஆஸ்பத்திரியிலோ, யாரும் கேள்வி கேட்காத ஒரு பச்சை விளக்குக்குப் பின்னால், அது இந்த நிமிடமும் வெறும் கோப்புறையைத் திறந்து பார்த்துக்கொண்டிருக்கலாம். மச்சான் அதை எரிக்காமலிருந்திருந்தால், அன்றே நான் வாயைத் திறந்திருந்தால், விசாரணைக்காரர்கள் அதைக் கண்டிருப்பார்கள். அவர் என்னைக் காப்பாற்றினார். நான் என்னைக் காப்பாற்றிக்கொண்டேன். இரண்டையும் அந்தச் செயலும் பயன்படுத்திக்கொண்டது.

போன வாரம் தோட்டத்துக்குப் போனேன். மண் சரிந்தபின் கொடுத்த சமதரையில் சின்னச் சின்ன வீடுகள். பொட்டணத்தோடு நின்ற அந்தப் பெண் கடைசி வீட்டில் தனியாக இருக்கிறாள். வானம் இருட்டிக்கொண்டு வந்தது. அவள் கொடியிலிருந்த துணிகளை எடுத்துக்கொண்டிருந்தாள். என்னை அவளுக்கு அடையாளம் தெரிந்தது. கிளாக்கர் ஐயாவின் மச்சான், கொழும்புச் சேர். உள்ளே வரச் சொல்லவில்லை. வாசற்படியில் நின்றே சொன்னேன். அன்று காலை அவர் என்னிடம் கேட்டதையும், நான் சொன்ன பொய்யையும், கோப்புறையையும், அவர் அதை எரித்ததையும் சொன்னேன். அவர் எரித்ததை விட்டுவிடலாமா என்று வழி முழுக்க யோசித்தேன். விட்டால் அதுவும் இன்னொரு பொய் என்று பட்டது.

துணிகளை மார்போடு அணைத்தபடி அவள் கேட்டாள். "அப்ப எங்களைப் போகாதீங்கன்னு சொன்னப்ப அவருக்குத் தெரியாதா?"

"தெரியாது. நான் சொன்னதைத்தான் சொன்னார்."

"என் புள்ளையும் எங்கம்மாவும் செத்தப்ப உங்களுக்குத் தெரியும்."

"தெரியும்."

அவள் மேல் மலையைப் பார்த்தாள். சரிந்த இடத்தில் இப்போது காட்டுப்புல் முளைத்திருக்கிறது. தூரத்திலிருந்து பார்த்தால் ஒன்றும் தெரியாது. பிறகு என்னைப் பார்க்காமலேயே சொன்னாள். "அவரு சாவுக்கு இங்கருந்து கெளம்பினாங்க சேர். வயசான ஆளுங்க நாலு பேரு, தப்போட நின்னாங்க. நான்தான் ரோட்டுல குறுக்க படுத்து மறிச்சேன். என்னைத் தாண்டிப் போங்கன்னு சொன்னேன். ஒருத்தரும் தாண்டல."

முதல் துளிகள் தகரத்தில் விழுந்தன. அவள் துணிகளை உள்ளே வைத்துவிட்டுத் திரும்ப வந்தாள்.

"எங்க பொதைச்சிருக்கீங்க?"

டவுன் மயானம், ஆற்றோரம், மூலையில் பலாமரத்தடி என்று சொன்னேன். அவள் அதைத் தனக்குள் ஒருமுறை சொல்லிப் பார்த்துக்கொண்டாள்.

"மழை விட்டதும் நாங்க போறோம்," என்றாள். "தப்போடதான் போவோம். நீங்க வர வேணாம்."

கதவைச் சாத்திக்கொண்டாள். நான் நனைந்தபடி சந்திக்கு நடந்தேன். அன்று தொடங்கிய மழை இன்னும் விடவில்லை. இதை எழுதும்போதும் அதே சீரான சத்தத்தில் பெய்துகொண்டிருக்கிறது. தோட்டத்தில் இப்போது விளக்கு இல்லை, சங்கும் இல்லை. காலையில் அந்தத் தோட்டத்து வீடொன்றின் கைத்தொலைபேசிக்கு எடுத்தேன். ஆற்றுத் தண்ணீர் என்ன நிறத்தில் ஓடுகிறது என்று மட்டும் கேட்டேன். எல்லோரும் நேற்றே பள்ளிக்கூட மேட்டுக்கு ஏறிவிட்டார்கள் என்று ஒரு பையன் சொன்னான். யார் சொல்லி ஏறினீர்கள் என்று கேட்டேன். கடைசி வீட்டு அக்கா சொன்னாள் என்றான்.